மாலத்தீவுக் கரைக்கு எது காவல்: கான்கிரீட்டா, பவளமா?

1987 அலைவெள்ளத்துக்குப் பின் தலைநகர் மாலேயைச் சுற்றி ஜப்பான் உதவியுடன் கான்கிரீட் அரண் எழுந்தது. எங்களுக்கும் அதுவே வேண்டும் என்கின்றன பல தீவுகள். அவசரப்பட வேண்டாம். அலையின் வேகத்தைத் தணிக்கும் பவளப்பாறையை வளர்ப்பது மற்றொரு வழி.

செலவு: சுவருக்குப் பணம் கொட்ட வேண்டும், பவளத் துண்டுகளைக் கடலடியில் இரும்புச் சட்டகத்தில் கட்டி வளர்க்க முக்குளிப்போரும் பொறுமையும் வேண்டும்.

வேகம்: சுவர் உடனே காக்கும். பவளம் வளர ஆண்டுகள் ஆகும்.

ஆயுள்: சுவர் தேயும், பாறை தானே வளரும். ஆனால் 1998, 2016 கடல் வெப்பத்தில் பவளம் வெளுத்துச் செத்ததையும் மறப்பதற்கில்லை.

பிழைப்பு: இதில் போட்டியே இல்லை. சூரை மீனைத் தூண்டிலில் பிடிக்க உதவும் இரைமீன் பவளப்பாறையை அண்டியே கிடைக்கிறது. கான்கிரீட்டைப் பார்க்க எந்தச் சுற்றுலாப் பயணியும் முக்குளிப்பதில்லை.

நெரிசலான மாலேவுக்குச் சுவர்தான். பாறை இன்னும் உயிரோடிருக்கும் சிறு தீவுகளுக்குப் பவளம்.