கறுப்பு வீலில் ஒரு மெல்லிய கோடு: ரிம் டேப் ஒட்டி நீண்ட நாள் ஓட்டிய அனுபவம்

கறுப்பு அலாய் வீல் எந்த பைக்குக்கும் எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் டயர் எங்கே முடிகிறது, ரிம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. ஸ்போக்கின் வளைவெல்லாம் அந்தக் கறுப்பில் மறைந்துவிடும். இதற்காக வீல் முழுவதையும் வேறு நிறத்துக்கு மாற்ற வேண்டியதில்லை. ரிம் விளிம்பில் 5 அல்லது 6 மி.மீ. அகலத்தில் ஒட்டும் டேப்பால் ஒரே ஒரு கோடு போதும். வெயில், மழை, சேறு, டயர் மாற்றம் எல்லாவற்றையும் பார்த்த பிறகும் என் கருத்து இதுதான்.

மற்ற வழிகளையும் யோசிக்காமல் இல்லை. பவுடர் கோட்டிங், அதாவது பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பிடிக்கவைக்கும் பூச்சு, உறுதியில் எல்லாவற்றையும் மிஞ்சும். ஆனால் டயர், பேரிங், டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றி, ரிம்மை 180 முதல் 200 டிகிரி வரை சூடேறும் அடுப்பில் வைக்க வேண்டும். வீட்டு வேலை இல்லை. ஸ்ப்ரே பெயின்ட் வீட்டிலேயே அடிக்கலாம், ஆனால் பழைய பூச்சைத் தேய்த்து, பிரைமர் அடித்து, நிறம் அடித்து, மேலே கிளியர் கோட் என்று வேலை நீளும். ஹார்டனர் கலந்த கிளியர் கோட்டில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அது நுரையீரலுக்கு ஆகாது. சாதாரணத் துணி மாஸ்க் அதைத் தடுக்காது. டேப்புக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது, பிடிக்கவில்லை என்றால் உரித்துவிடலாம்.

டேப்பில் இரண்டு வகை. ஒன்று, நேராக வரும் ரோல். இன்னொன்று, ரிம் அளவுக்கு ஏற்ப வில் வடிவத்தில் வெட்டிய துண்டுகள். எதை வாங்குவது என்பதை அகலம்தான் முடிவு செய்யும். வட்டத்தின் ஆரம் 1 மி.மீ. கூடினால் சுற்றளவு சுமார் 6.3 மி.மீ. கூடும். ஆகவே 6 மி.மீ. டேப்பில் வெளி ஓரத்துக்கும் உள் ஓரத்துக்கும் நீளத்தில் ஏறக்குறைய 38 மி.மீ. வித்தியாசம் வரும். 10 மி.மீ. என்றால் 63 மி.மீ. நேர் டேப் இந்த வித்தியாசத்தை வெளிப்பக்கம் இழுபட்டும் உள்பக்கம் சுருங்கியும்தான் ஈடுகட்ட வேண்டும். மெல்லிய டேப் சமாளித்துவிடும், அகலமானது உள் ஓரத்தில் சுருக்கம் சுருக்கமாக எழும்பி நிற்கும். 7 மி.மீ.க்கு மேல் வேண்டுமானால் வில் துண்டுகளையே வாங்குங்கள். 17 அங்குல ரிம்முக்கு ஒரு பக்கச் சுற்று ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். இரண்டு வீலின் இரு பக்கத்துக்கும் சேர்த்து 6 மீட்டர் சரியாக இருக்கும், 7 மீட்டர் கையில் இருந்தால் நிம்மதி.

டேப் எத்தனை நாள் தாங்கும் என்பது அதன் விலையைவிட, ஒட்டும் முன் ரிம்மை எப்படித் துடைத்தோம் என்பதில்தான் இருக்கிறது. முதலில் ஷாம்பூத் தண்ணீர். அது சேற்றை எடுக்கும், செயினுக்கு அடிக்கும் வழுக்கெண்ணெயான லூப்பை எடுக்காது. அதற்கு டிகிரீசர். கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி. துணி கறுக்காமல் வரும்வரை துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். பின் வீலில் செயின் இருக்கும் பக்கம் மட்டும் மற்ற மூன்று பக்கத்துக்கும் சேர்த்து ஆகிற அளவுக்குத் துணி செலவாகும். டயருக்குப் பளபளப்பு தரும் பாலிஷ் அடிக்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்திவிட்டு இந்த வேலையைத் தொடங்குங்கள். அதில் இருக்கும் சிலிக்கோன் ரிம் விளிம்பில் இறங்கிப் பசையைப் பிடிக்கவிடாது.

ஒட்டும்போது வால்வு இருக்கும் இடத்தில் தொடங்குவது நல்லது. இணைப்பு அங்கே வந்தால் பிறகு தேடிப் பார்க்க எளிது. வண்டியை மெயின் ஸ்டாண்டிலோ, வீலைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டிலோ நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, வீலைக் கையால்தான் சுற்ற வேண்டும். என்ஜினை ஓடவிட்டுப் பின் வீலைச் சுழலவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் விரல் போனால் விரல் மிஞ்சாது. தயவுசெய்து வேண்டாம்.

பின்தாளை ஒரு விரல் நீளம் மட்டும் உரித்து, வலது கை டேப்பை ரிம்மின் வளைவுக்கு இணையாகப் பிடித்திருக்க, இடது கட்டைவிரல் பின்னாலேயே அழுத்திக்கொண்டு வர வேண்டும். டேப்பை இழுக்கக் கூடாது. இழுத்து ஒட்டியது அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். வெயிலில் சூடேறியதும் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்த்து, இணைப்பில் இடைவெளி விட்டுவிடும். முனையில் 2, 3 மி.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏறட்டும். சுற்று முடிந்ததும் ஹேர் டிரையரால் மிதமாகச் சூடு காட்டி, மெல்லிய துணியால் முழுச் சுற்றையும் மறுபடி அழுத்துங்கள். இது அழுத்தத்தில் பிடிக்கும் பசை, முழுப் பிடிப்பு வர ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். அதுவரை தண்ணீர் காட்டாமல் இருந்தால் நல்லது. ரிம்மில், வீல் சீராகச் சுழல வைக்கும் பாலன்சிங் ஈயம் ஒட்டியிருந்தால் அதை அசைக்க வேண்டாம்.

நான் ஒட்டியது பிரதிபலிக்கும் வகை. பகலில் கறுப்பு ரிம்மில் மெல்லிய கோடாகத் தெரியும். இரவில் ஹெட்லைட் பட்டால் வெள்ளையாக ஒளிரும். உள்ளே இருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகள் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால்தான் இப்படி. குறுக்குச் சாலையிலிருந்து வருகிற வாகனத்துக்கு நம் டெயில் லைட்டும் தெரியாது, ஹெட்லைட்டும் நேராகத் தெரியாது. பக்கவாட்டில் இரண்டு வெள்ளை வட்டங்கள் உருண்டு போவது அவர் கண்ணில் படுகிறது. அலங்காரத்துக்காக வாங்கியதில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது இந்த ஒரு பயன்தான்.

சரி, இவ்வளவு நாள் கழித்து எப்படி இருக்கிறது? முன் வீல் இரு பக்கமும் ஒட்டிய மாதிரியே இருக்கிறது. டிஸ்க் பக்கம் பிரேக் தூசி படிந்து ஒளி மங்கும், ஈரத் துணியால் துடைத்தால் திரும்பிவிடும். பின் வீலில் செயின் இல்லாத பக்கமும் நன்றாகவே நிற்கிறது. செயின் பக்கம்தான் பிரச்சினை. தெறிக்கும் லூப் டேப்பின் ஓரத்தில் படிந்து மெல்ல உள்ளே இறங்குகிறது. அங்கங்கே நகக்கண் அளவுக்கு ஓரம் தூக்கி, தூக்கிய இடத்தில் மண் புகுந்து கறுத்துவிட்டது. செயின் சுத்தம் செய்யும்போது மண்ணெண்ணெய் பட்டாலும் இதே கதிதான். இப்போது லூப் அடித்தவுடன் வண்டியை எடுப்பதில்லை. அது ஊறி நிற்கும்வரை விட்டு, மிச்சத்தைத் துணியால் வழித்த பிறகுதான் கிளம்புகிறேன். தெறிப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது.

வாட்டர் சர்வீஸில் பிரஷர் துப்பாக்கியை ரிம் ஓரத்துக்கு நெருக்கமாகக் காட்டவே விடாதீர்கள். டயர் மாற்றும் இடத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். லிவர் ஊன்றும் இடத்தில் டேப் கிழியும். எனக்கு ஓரிடத்தில் கிழிந்தது, மிச்ச டேப்பில் ஒரு துண்டு வைத்து ஒட்டினேன். வெயிலில் நிறம் சற்று வெளுத்திருந்ததால் புதுத் துண்டு கிட்டத்தில் பார்த்தால் தெரியும், ஓடும்போது தெரியாது.

தம்பி தன் வண்டியில் உரித்தெடுக்கும் ரப்பர் ஸ்ப்ரே அடித்தான், மங்கலான வெண்கல நிறம். டயருக்கும் ரிம்முக்கும் இடையில் சீட்டுக்கட்டின் சீட்டுகளைச் சுற்றிச் செருகி, டிஸ்க்கையும் காலிப்பரையும் பாலித்தீனால் மூடித்தான் அடித்தோம். டிஸ்க்கில் துளி விழுந்தாலும் பிரேக் பிடிப்பைக் கெடுக்கும் என்பதால் அதில் சமரசமே கிடையாது. மெல்லிய பூச்சாக ஐந்தாறு முறை அடித்தான். கறுப்பின் மேல் வெளிர் நிறம் ஏறவே அதற்குக் குறைந்தால் முடியாது, தவிர பூச்சு தடிமனாக இருந்தால்தான் பிறகு பாம்புச் சட்டை மாதிரி முழுசாக உரியும். மெலிந்த இடங்களில் பொடிப்பொடியாகக் கிள்ள வேண்டியிருக்கும். தோற்றத்தில் அவன் வீல் என் வீலைவிட அழகு. ஆனால் கல் பட்ட இடமெல்லாம் கீறல், பெட்ரோல் துளி பட்ட இடத்தில் பூச்சே கரைந்து கறை. அக்கறையாகப் பராமரிப்பவர்களுக்கு அது, தினமும் வண்டி எடுப்பவர்களுக்கு டேப்.

அடுத்த முறை டயர் கழற்றும்போது செயின் பக்க டேப்பை மட்டும் மாற்றப் போகிறேன். ஹேர் டிரையரில் சூடு காட்டி, மேல்நோக்கி இழுக்காமல் ரிம்மோடு படிந்த வாக்கில் இழுத்தால் பசையோடு சேர்ந்து வந்துவிடும். மிஞ்சும் பசைக்கு அதே ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும், பிளேடு வேண்டாம், கறுப்புப் பெயின்டில் கீறல் விழும்.