இருபதுக்குப் பதினேழு: ஃபோர்ஹேண்டைத் திருத்தப் போய் ஏமாந்த கதை

டென்னிஸில் உங்கள் ஃபோர்ஹேண்டை, அதாவது ராக்கெட் பிடித்த கைப்பக்கம் வரும் பந்தை அடிக்கும் விதத்தைச் சரிசெய்து தருகிறேன் என்று சொல்லி யாராவது மொத்தக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்டால், கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கொடுத்த பிறகுதான் விழித்துக்கொண்டேன். அந்தக் கோச்சின் பெயரை எழுதப் போவதில்லை. அவர் செய்த வித்தையை வேறு யாரும் செய்யலாம் என்பதால் வித்தையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

மறுபக்க அடியான என் பேக்ஹேண்ட் சுமார்தான், ஆனால் நம்பலாம். ஃபோர்ஹேண்ட் அப்படியில்லை. ஒரு பந்து மூலையில் போய் அழகாக விழும், பக்கத்துக் கோர்ட்டில் ஆடுபவர்கூடத் திரும்பிப் பார்ப்பார். அடுத்த பந்து நேராக வேலிக் கம்பிக்குப் போகும். அதற்கடுத்தது வலையின் காலடியில் சுருண்டு கிடக்கும். மூன்றையும் ஒரே மாதிரி அடித்ததாகத்தான் எனக்குத் தோன்றும். இந்த வியாதி இருப்பவர்களுக்குத் தெரியும், எந்த மருந்தை யார் நீட்டினாலும் வாயைத் திறந்துவிடுவோம்.

அவர் நீட்டிய மருந்து ஓர் இலவச வகுப்பு. "முதல்ல உங்க லெவல் பார்ப்போம் சார்" என்று இருபது பந்து போட்டார். ஏழு உள்ளே விழுந்தது. ஒரு சிலேட்டுப் பலகையில் 7 என்று பெரிதாக எழுதினார். அப்புறம் நாற்பது நிமிடம் பிடி, தோள், ராக்கெட்டைப் பின்னால் கொண்டுபோகும் விதம் என்று எதையெதையோ மாற்றினார். கடைசியில் மறுபடி இருபது. இந்த முறை பதினேழு. 7-க்குப் பக்கத்தில் 17-ஐ எழுதி, "நாற்பது நிமிஷத்துல இது. மூணு மாசம் கொடுங்க சார், உங்க ஃபோர்ஹேண்ட் எங்க போகுதுன்னு பாருங்க" என்றார். வியர்வையைக்கூடத் துடைக்காமல் கோர்ட்டில் நின்றபடியே மூன்று மாதப் பணத்தையும் ஃபோனில் அனுப்பினேன். ரசீதை அப்புறம் தருவதாகச் சொன்னார். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

வகுப்புகள் எப்படி நடந்தன என்றால், அவர் வலைக்கு அருகில் கூடையோடு நிற்பார். கையால் ஒவ்வொரு பந்தாக, எனக்கு ஓரடி வலப்பக்கம், இடுப்பு உயரத்துக்கு எழும்பும்படி மெதுவாகப் போடுவார். நான் அடிப்பேன். வகுப்புக்கு நூற்றைம்பது பந்தாவது இருக்கும். 'பொக்' என்று ராக்கெட்டின் நடு நரம்பில் படும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வீட்டுக்குப் போகும்போது, அடுத்த வாரமே போட்டியில் பெயர் கொடுத்துவிடலாம் போல இருக்கும். அந்த வகுப்புகள் எதிலும் ஒருமுறைகூட எதிரில் ஒருவர் அடித்து வரும் பந்தை நான் அங்கே சந்திக்கவில்லை என்பது அப்போது உறைக்கவே இல்லை.

பிடி விவகாரம் தனிக் கதை. ராக்கெட்டின் கைப்பிடி எட்டுப் பட்டை கொண்டது. ஆள்காட்டி விரலின் அடி முட்டி எந்தப் பட்டையில் உட்காருகிறதோ அதை வைத்துத்தான் கிரிப்பின் பெயர். வலக்கைக்காரருக்கு மூன்றாவது பட்டை ஈஸ்டர்ன், நான்காவது செமி வெஸ்டர்ன், ஐந்தாவது வெஸ்டர்ன். பல வருடமாக ஈஸ்டர்னில் பிடித்தவனை முதல் வாரத்திலேயே இரண்டு பட்டை தள்ளி வெஸ்டர்னுக்கு மாற்றிவிட்டார். கேட்டால், டென்னிஸ் சாம்பியன் நடாலின் பிடியைப் பாருங்கள் என்பார். வெஸ்டர்னில் தோள் உயரத்துக்கு எழும்பும் பந்தை நன்றாக மடக்கி அடிக்கலாம், டாப்ஸ்பின், அதாவது பந்து முன்னோக்கி உருளும் சுழற்சி, நிறைய வரும். ஆனால் முழங்கால் உயரத்தில் வழுக்கி வரும் பந்தை எடுப்பது பழகியவருக்கே சிரமம். இன்னொரு சாம்பியனான ஃபெடரர் பிடித்தது ஈஸ்டர்னுக்குப் பக்கத்தில்தான், அதை வைத்துக்கொண்டு அவர் 20 கிராண்ட் ஸ்லாம் பட்டம் வாங்கினார். ஆக, என் பிடியில் கோளாறு இருந்ததா என்று பார்த்து மாற்றவில்லை. மாற்றினால் ஏதோ நடப்பது போலத் தெரியும், அவ்வளவுதான். "வீடியோ அனாலிசிஸ்" என்று தனிக் கட்டணம் வாங்கி அனுப்பியது என்ன தெரியுமா? என் படம் ஒன்று, நடால் படம் ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி இரண்டிலும் ஒரு சிவப்பு வட்டம்.

"பந்து படுற அந்த நொடியில மணிக்கட்டைத் திருப்புங்க" என்பது அவருடைய இன்னொரு மந்திரம். பந்து நரம்பில் தங்கும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஐந்து பங்குதான். கண் இமைப்பதற்கு ஆகும் நேரம் அதைவிடப் பல மடங்கு அதிகம். அந்த நேரத்துக்குள் எதையும் நினைத்துத் திருப்ப முடியாது. திருப்ப முயன்றால் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ திரும்பி, ராக்கெட்டின் முகம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் பார்க்கும். கோர்ட்டின் கடைசிக் கோடான பின்கோட்டிலிருந்து அடிக்கும் பந்து கிளம்பும் கோணம் 2 டிகிரி மாறினாலே வலைக்கு மேலே கிட்டத்தட்ட 40 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். நிதானம் வேண்டி வந்தவனுக்கு இதைவிட மோசமான யோசனை இருக்க முடியாது.

நடுவில் ஒரு ராக்கெட்டும் விற்றார். "இது கன்சிஸ்டென்சிக்குன்னே வந்த மாடல்." பழையதைவிடக் கனம், முழுக்க பாலியெஸ்டர் நரம்பு, நரம்பை இறுக்கிக் கட்டிய இழுவை 58 பவுண்டு. பாலியெஸ்டர் விறைப்பான நரம்பு என்பதால் நைலானைவிடக் குறைந்த இழுவையில் கட்டச் சொல்வதுதான் வழக்கம். எனக்கு அது பின்னால்தான் தெரிந்தது. ஏழாவது வாரம் முழங்கையின் வெளிப்புறம் விண்ணென்று வலித்தது. சொன்னேன். "புதுத் தசை வேலை செய்யுது சார், நல்லதுதான்" என்றார். ஃபிசியோதெரபிஸ்ட் தொட்டுப் பார்த்த மாத்திரத்தில் டென்னிஸ் எல்போ, அதாவது முழங்கைத் தசைநாண் பாதிப்பு என்று சொல்லி ஒரு மாதம் ஆடக் கூடாது என்றார். மற்ற எதையும் மன்னித்துவிடலாம், அந்த 'நல்லதுதான்' மட்டும் இன்னும் எரிகிறது.

அந்த ஓய்வு மாதத்தில்தான் குட்டு உடைந்தது. ஆட முடியாவிட்டாலும் பழக்க தோஷத்தில் கோர்ட்டுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அன்று ஒரு புதியவர் வந்தார். அதே பலகை, அதே "லெவல் பார்ப்போம்".

முதல் இருபது பந்துக்கு கோச் எதிர்ப் பின்கோட்டில் நின்றார். கையில் ராக்கெட். புது டப்பா உடைத்த பந்துகள். ஒன்று ஆழமாக, ஒன்று வலைக்குப் பக்கத்தில், ஒன்று ஓரத்தில், ஒன்று நேராக வயிற்றுக்கு. அந்த மனிதர் உடம்பைச் சூடாக்கக்கூட இல்லை. ஆறு உள்ளே விழுந்தது. நாற்பது நிமிடப் பேச்சு. கடைசி இருபதுக்கு கோச் கூடையைத் தூக்கிக்கொண்டு வலைக்கு வந்துவிட்டார். கையால், மெதுவாக, ஒவ்வொன்றும் இடுப்புக்கு. எழுந்து போய் என் பக்கம் உருண்டு வந்த ஒரு கூடைப் பந்தை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். நல்ல பந்து 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டால் 135 முதல் 147 வரை எழும்ப வேண்டும் என்பது விதி. அதாவது தலை உயரத்திலிருந்து விட்டால் ஏறக்குறைய இடுப்புக்கு வரும். இது முழங்காலோடு நின்றுவிட்டது. செத்த பந்து, ஓடி எடுக்க வேண்டாம், கோட்டைத் தாண்டியும் அவ்வளவு சுலபத்தில் போகாது. பலகையில் 6-க்குப் பக்கத்தில் 16 ஏறியது. அந்தப் புதியவர் ஃபோனை எடுத்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அன்றைக்கே போய் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதற்குத்தான் இந்தப் பதிவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்ச வகுப்புகளுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பேக்கேஜில் ரீஃபண்ட் கிடையாதாம், முதலிலேயே சொன்னாராம். சொல்லவில்லை. சரி, கை சரியானதும் வருகிறேன் என்றால், மூன்று மாதக் கெடு முடிந்துவிட்டதாம். எழுத்தில் எதுவும் இல்லாததால் அதோடு முடிந்தது.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். கையால் பந்து போட்டுப் பழக்குவது தப்பே இல்லை. புதிதாக ஓர் அசைவைக் கற்கும்போது சுலபமான பந்துதான் வேண்டும், நல்ல கோச்சுகளும் அப்படித்தான் தொடங்குவார்கள். அங்கேயே நின்றுவிட்டால்தான் ஏமாற்று. ஆட்டத்தில் எந்தப் பந்தும் முந்தின பந்தைப் போல வருவதில்லை.

என் உண்மையான கோளாறைக் கண்டுபிடித்தது தினமும் காலையில் ஆட வரும் ஓர் அக்கா. பார்க்க அழகான ஆட்டம் கிடையாது, ஆனால் பந்து திரும்பி வந்துகொண்டே இருக்கும். கை சரியான பிறகு, பழைய ராக்கெட், பழைய பிடியோடு அவருடன் ஆடினேன். பத்து நிமிடம் ஆனதும், "உன் கை நல்லாத்தான் இருக்கு தம்பி. கால் எப்ப நகருது?" என்றார். ஃபோனை வேலியில் சாய்த்துவைத்துப் படம் எடுத்துப் பார்த்தோம். அவர் அடித்த பந்து வலையைத் தாண்டிய பிறகும் நான் தரையில் அறைந்த மாதிரி நிற்கிறேன். பந்து தரையில் பட்ட பிறகுதான் ராக்கெட் பின்னால் போகிறது. உடம்புக்கு முன்னால் சந்திக்க வேண்டிய பந்தை இடுப்புக்குப் பக்கத்தில் சந்திக்கிறேன். இதைக் கூடைப் பந்து காட்டவே காட்டாது, ஏனென்றால் அங்கே எப்போது, எங்கே வரும் என்று முன்பே தெரியும்.

அக்கா சொன்னது இவ்வளவுதான். எதிராளி அடிக்கும் கணத்தில் ஒரு சின்னக் குதி, அதாவது ஸ்பிளிட் ஸ்டெப். பந்து வலையைத் தாண்டுவதற்குள் தோள் திரும்பியிருக்க வேண்டும். குறி எப்போதும் குறுக்கே, அதாவது எதிர் மூலையை நோக்கி, வலைக்கு ஒரு மீட்டர் மேலே. ஏன் குறுக்கே என்றால், வலை நடுவில் 91.4 சென்டிமீட்டர், கம்பத்தில் 107. குறுக்கே அடிக்கும் பந்து நடுப்பகுதியைத் தாண்டிப் போவதால் வலை தாழ்வு. இடமும் அதிகம், மூலைக்கு மூலை 25 மீட்டருக்குச் சற்று மேல், நேராக அடித்தால் 23.77 தான். நான் இத்தனை நாள் உயரமான வலைக்கு மேலே, குறைந்த இடத்துக்குள், அதுவும் தாமதமாக அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். முதலில் வலைக்கும் பின்கோட்டுக்கும் நடுவே இருக்கும் சர்வீஸ் கோட்டில் நின்று மெதுவாகத் தட்டி, பிறகு பின்னால் போய்க் குறுக்கே மட்டும் ஆடி, தவறாமல் எத்தனை என்று எண்ணினோம். முதல் நாள் ஆறைத் தாண்டவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒருநாள் இருபத்திரண்டு. வேலிக்குப் போகும் பந்து இன்னும் இருக்கிறது, தினமும் இல்லை.

பணம் கட்டும் முன் நான் கேட்டிருக்க வேண்டியது: எதிரில் ஒருவர் அடித்து வரும் பந்தில் வகுப்பு எவ்வளவு நேரம் நடக்கும்? சோதனையில் முதல் இருபதையும் கடைசி இருபதையும் ஒரே இடத்தில் நின்று, ஒரே பந்தால் போடுவீர்களா? பிடியை மாற்றச் சொன்னால், என் பிடியில் எந்தப் பந்து தவறுகிறது என்று காட்டுவீர்களா? ரீஃபண்ட் எப்படி என்று எழுதித் தருவீர்களா? மாதாமாதம் கட்டலாமா? அவரிடமே ராக்கெட் வாங்கச் சொன்னால் ஒரு வாரம் கடன் வாங்கி ஆடிப் பாருங்கள். வலித்தால் அன்றே நிறுத்துங்கள், அவர் என்ன சொன்னாலும்.

போன வாரம் அந்தக் கோச்சிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. பேக்ஹேண்டுக்குத் தனி பேட்ச் தொடங்குகிறாராம். முதல் வகுப்பு இலவசம், இருபது பந்து அடித்துக் காட்டினால் போதுமாம்.