பைபாஸ் நிலைக்குமா? அழுத்தக் கம்பியா, ஓட்டமானியா?

மொரீஷியஸில் நம்மவர் வீட்டில் ஒருவருக்கு ஆஞ்சியோகிராம் எடுத்துவிட்டால் மறுநாளே விவாதம் ஆரம்பித்துவிடும். பாம்ப்ளமூஸ் இதய மையத்தில் இலவசமாகச் செய்துகொள்வதா, தனியார் கிளினிக்கா, இல்லை சென்னைக்கு விமானம் ஏறுவதா? "மூணு அடைப்புன்னா மூணு கிராஃப்ட்தானே மாமா, எங்க போட்டா என்ன?" என்று ரோஸ் ஹில்லில் ஒரு தம்பி கேட்டார். கிராஃப்ட் என்றால் அடைப்பைத் தாண்டி ரத்தம் போவதற்காக உடலின் வேறிடத்திலிருந்து எடுத்துத் தைக்கிற குழாய். அதைப் போடுவதுதான் பைபாஸ். எங்கே என்பது இருக்கட்டும். எதை அளந்து பார்த்துப் போடுகிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். மூன்று அடைப்புக்கு மூன்று கிராஃப்ட் என்பது எப்போதும் சரியான கணக்கு இல்லை. அளப்பதற்கு அழுத்தக் கம்பி, ஓட்டமானி என்று இரண்டு கருவிகள் உண்டு.

ஆஞ்சியோகிராம் காட்டுவது குழாயின் நிழலை. 90 சதவீத அடைப்பு என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. 50 முதல் 70 சதவீதம் வரை உள்ளவைதான் தகராறு. ஒரே படத்தைப் பார்த்து ஒரு டாக்டர் 50 என்பார், இன்னொருவர் 70 என்பார். அந்த அடைப்பு இதயத் தசைக்குப் போகிற ரத்தத்தை உண்மையில் குறைக்கிறதா என்பது படத்தில் தெரியாது.

அதற்குத்தான் அழுத்தக் கம்பி. எஃப்.எஃப்.ஆர் என்று சொல்வார்கள். முனையில் சென்சார் வைத்த மெல்லிய கம்பியை அடைப்பைத் தாண்டிச் செலுத்தி, அடினோசின் என்ற மருந்து கொடுத்து ரத்த ஓட்டத்தை உச்சத்துக்குக் கொண்டுபோவார்கள். நோயாளிக்கு ஓரிரு நிமிடம் மார்பு அழுத்தும், மூச்சு முட்டும். மருந்தை நிறுத்தியதும் சரியாகிவிடும். மகாதமனியில் அழுத்தம் 100, அடைப்புக்கு அப்பால் 75 என்றால் எண் 0.75. 0.80 அல்லது அதற்குக் கீழே வந்தால் அந்த அடைப்பைப் பொருட்படுத்த வேண்டும். அடினோசின் தேவைப்படாத ஐ.எஃப்.ஆர் என்ற தம்பியும் உண்டு, அதன் எல்லை 0.89. ஸ்டென்ட் விஷயத்தில் அதற்கு நல்ல சான்று இருக்கிறது. பைபாஸைப் பொறுத்தவரை எஃப்.எஃப்.ஆருக்குத்தான் ஆய்வுகள் அதிகம்.

பைபாஸுக்கும் இந்த எண்ணுக்கும் என்ன சம்பந்தம்? ஒரே வயலுக்கு இரண்டு வாய்க்கால் வெட்டினால், பழைய வாய்க்காலில் தண்ணீர் தாராளமாக ஓடும்வரை புதியது தூர்ந்துபோகும். லேசான அடைப்புள்ள தமனியில் கிராஃப்ட் போட்டாலும் அதே கதைதான். சொந்தத் தமனியின் ஓட்டம் கிராஃப்ட்டோடு போட்டி போடும். மார்பிலிருந்து எடுத்த தமனியாக இருந்தால் அது நூல் மாதிரிச் சுருங்கிவிடும். 2007-இல் வெளிவந்த ஒரு நெதர்லாந்து ஆய்வில், எஃப்.எஃப்.ஆர்படி முக்கியமில்லாத அடைப்புகளுக்குப் போட்ட கிராஃப்ட்களில் சுமார் 21 சதவீதம் ஒரு வருடத்துக்குள் மூடிக்கொண்டன. முக்கியமான அடைப்புகளுக்குப் போட்டவற்றில் சுமார் 9 சதவீதம்தான். இதைப் பார்த்தால் எல்லோருக்கும் அழுத்தக் கம்பியால் அளந்துவிடலாம் என்று தோன்றும்.

ஆனால் பிறகு நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் செய்த ஃபார்கோ, கிராஃபிட்டி ஆய்வுகளில் அந்த அளவு வித்தியாசம் வரவில்லை. எஃப்.எஃப்.ஆர் பார்த்தவர்களுக்குக் கிராஃப்ட் எண்ணிக்கை குறைந்தது, ஆபரேஷன் எளிதானது. கிராஃப்ட் திறந்திருக்கும் விகிதம் மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டுமே சிறிய ஆய்வுகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்னொரு சிக்கல் நம் ஆட்களுக்கே உரியது. இந்தத் தீவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. நீண்டநாள் சர்க்கரையில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களும் கெட்டுப்போயிருக்கும். அடினோசின் கொடுத்தாலும் ஓட்டம் உச்சத்துக்குப் போகாது. அப்போது எண் உண்மையைவிட நல்லதாகக் காட்டக்கூடும்.

இனி ஓட்டமானி. இது அறுவை அரங்கில், தையல் முடிந்தபின், மார்பை மூடுவதற்கு முன் வரும் கருவி. கொக்கி போன்ற சின்ன உணர்கருவியில் ஜெல் தடவி, கிராஃப்ட்டின்மேல் மாட்டுவார்கள். அல்ட்ராசவுண்ட் ஒலி ஓட்டத்தின் திசையிலும் எதிர்த்திசையிலும் போய்ச்சேர எடுக்கும் நேர வித்தியாசத்தை வைத்து, நிமிடத்துக்கு எத்தனை மில்லி ஓடுகிறது என்று கணக்கிடும். எஃப்.எஃப்.ஆர் அழுத்தத்தை வைத்து ஓட்டத்தை ஊகிக்கிறது. இது ஓட்டத்தையே அளக்கிறது.

திரையில் மூன்று விஷயம் பார்ப்பார்கள். சராசரி ஓட்டம் நிமிடத்துக்கு 20 மில்லிக்கு மேல் இருக்கிறதா? ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைச் சராசரியோடு ஒப்பிடுகிற துடிப்புக் குறியீடு 5-க்குக் கீழே இருக்கிறதா? இதயம் தளரும் வேளையில் எவ்வளவு பங்கு ஓடுகிறது? இடப்பக்கத் தமனிகளில் பெரும்பங்கு அப்போதுதான் ஓட வேண்டும். ஓட்டம் குறைந்து குறியீடு 5-ஐத் தாண்டினால் தையல் மடிந்திருக்கலாம், கிராஃப்ட் முறுக்கிக்கொண்டிருக்கலாம். அங்கேயே பிரித்து மறுபடி தைக்கலாம். சொந்தத் தமனியைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து, கிராஃப்ட் ஓட்டம் ஏறுகிறதா என்றும் பார்க்கலாம். ஏறினால் போட்டி இருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கும் குறை உண்டு. ரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கும்போது அளந்தால் எண் ஏமாற்றும். தமனி சிறியதாக இருந்தால் தையல் சுத்தமாக இருந்தும் ஓட்டம் குறைவாகத்தான் இருக்கும். சில மாதங்கள் கழித்து மூடப்போகிற கிராஃப்ட்டை அன்றைய எண்ணை வைத்து உறுதியாகச் சொல்லவும் முடியாது.

இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் ஓட்டமானி இருக்கிற இடத்துக்குத்தான் போகச் சொல்வேன். அது பிடிக்கிற தவற்றை அந்த நிமிடமே திருத்த முடியும். ஐரோப்பிய வழிகாட்டுதலும் 2018-இல் இதை வழக்கமாகச் செய்வது நல்லது என்றது. அழுத்தக் கம்பியை எல்லாத் தமனிக்கும் கேட்க வேண்டாம். நடுத்தர அடைப்புக்கு, அதிலும் மார்புத் தமனியையோ கைத் தமனியையோ வலப்பக்கத் தமனியில் இணைக்கும் திட்டம் இருந்தால், "டாக்டர், இதை அளந்து பார்த்தீங்களா?" என்று கேட்கலாம். ஒருமுறை மட்டுமே பயன்படும் கம்பி என்பதால் தனியார் கிளினிக்கில் செலவையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

அப்புறம், டிஸ்சார்ஜ் காகிதத்தில் ஒவ்வொரு கிராஃப்ட்டுக்கும் ஓட்டமும் துடிப்புக் குறியீடும் எழுதித்தரச் சொல்லுங்கள். சென்னையில் செய்துகொண்டு திரும்புகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். ஆறு மாதம் கழித்து மறுபடி மார்பு வலித்தால், இங்கே பார்க்கிற டாக்டருக்கு எந்தக் கிராஃப்ட் எந்த எண்ணோடு அரங்கைவிட்டு வெளியே வந்தது என்பது கையில் இருக்கும்.