லெ மான் பந்தயத்தில் மூன்று ஹைபிரிட் வழிகள்: ஆடி, டொயோட்டா, போர்ஷே

பிரான்ஸில் நடக்கும் 24 மணி நேர லெ மான் கார் பந்தயத்தின் உச்சப் பிரிவான எல்எம்பி1க்கு 2014இல் வந்த புதிய விதிகள், என்ஜினின் வடிவத்தைப் பெரும்பாலும் தயாரிப்பாளரின் விருப்பத்துக்கே விட்டுவிட்டு, ஒரு சுற்றுக்கான எரிபொருளை மட்டும் அளந்து கொடுத்தன. என்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார்களில், சேமித்த மின்சாரத்தைச் சுற்றுக்கு 2, 4, 6, 8 மெகாஜூல் என எந்த அளவில் பயன்படுத்துவது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தேர்ந்துகொள்ள முடிந்தது. மின்சாரம் கூடினால், அளந்து கொடுக்கும் எரிபொருள் குறைந்தது. உச்ச அளவான 8 மெகாஜூல் என்பது வீட்டு மீட்டர் கணக்கில் இரண்டேகால் யூனிட்டுக்கும் சற்றுக் குறைவுதான். ஆனால் அதை நாலு நிமிடங்களுக்குள் திரட்டிச் செலவழிக்க வேண்டியிருந்தது.

ஆடி, வெளியேறும் புகையின் விசையால் காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ பொருத்திய 4 லிட்டர் டீசல் என்ஜினை நம்பியது. அதன் எடை காரணமாக ஹைபிரிட் பாகங்களுக்கு அதிக இடம் கிடைக்கவில்லை. வெளியேறும் புகையிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தைக் கைவிட்டு, பிரேக் ஆற்றலை, வேகமாகச் சுழலும் சக்கரமான ஃப்ளைவீலில் சேமித்து, மிகக் குறைந்த 2 மெகாஜூல் பிரிவில் களமிறங்கியது. அந்த ஆண்டு லெ மானில் வென்றதும் ஆடிதான். ஆனால் வென்ற காருக்கே பந்தயத்தின் நடுவில் டர்போவை மாற்ற நேர்ந்தது என்பதால், அந்த வெற்றியை வழியின் வெற்றி என்பதைவிட அணியின் அனுபவத்துக்குக் கிடைத்த வெற்றி என்றே சொல்வேன்.

டொயோட்டா டர்போ இல்லாத, எட்டு சிலிண்டர் கொண்ட 3.7 லிட்டர் வி8 என்ஜினுடன், முன், பின் அச்சுகள் இரண்டிலும் மோட்டார் வைத்து, பிரேக் ஆற்றலை, மின்சாரத்தைத் தேக்கும் சாதனமான சூப்பர் கெப்பாசிட்டரில் சேமித்தது. நொடியில் நிரம்பி நொடியில் காலியாகும் அந்த அமைப்பு 2014இல் லெ மானும் அடங்கிய நீண்டதூரப் பந்தயத் தொடரின் உலகப் பட்டத்தைப் பெற்றுத் தந்தது.

மூன்றிலும் துணிச்சலானது போர்ஷேயின் வழி. அதன் 2 லிட்டர் டர்போ வி4 என்ஜின் தொடக்கத்தில் கடுமையாக அதிர்ந்ததால் பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க் ஷாஃப்டையே மாற்ற வேண்டியிருந்தது. முன் அச்சில் பிரேக் ஆற்றலை மீட்கும் மோட்டாருடன், வெளியேறும் புகையின் பாதையில் தனி டர்பைன் ஒன்றும் மின்சாரம் எடுத்தது. 13.6 கிலோமீட்டர் நீளமுள்ள லெ மான் தடத்தில் கார் பெரும்பாலும் முழு வேகத்தில்தான் ஓடும். பிரேக்கை மட்டும் நம்பிய கார்களுக்கு அந்த நேரத்தில் மின்சார வரவே கிடையாது, போர்ஷேக்கோ வேகமெடுக்கும்போதும் பேட்டரிக்கு மின்சாரம் வந்துகொண்டிருந்தது. 2015இல் 8 மெகாஜூல் பிரிவுக்கு ஏறிய முதல் கார் இதுவே. அந்த ஆண்டு தொடங்கி 2017 வரை மூன்று முறையும் லெ மான் வெற்றி அதற்கே கிடைத்தது.

2016க்குள் எதிரிகளும் பாதி வழி இறங்கி வந்தனர். ஆடி ஃப்ளைவீலை விட்டு லித்தியம் பேட்டரிக்கு மாறியது, டொயோட்டா 2.4 லிட்டர் டர்போ வி6 என்ஜினையும் பேட்டரியையும் கொண்டுவந்தது. அவ்வாண்டு முன்னணியில் இருந்த டொயோட்டா, பந்தயம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் சக்தியிழந்து நின்றது. டர்போவுக்கும், அது அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் இடையிலான காற்றுக் குழாயின் இணைப்பு ஒன்றில் ஏற்பட்ட கோளாறே காரணம்.

ஆனாலும் புகை டர்பைன்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று சொல்லிவிட முடியாது. அது இல்லாத டொயோட்டாதான் 2017 தகுதிச் சுற்றில் 3 நிமிடம் 14.791 நொடி என்ற சாதனை நேரத்தைப் பதித்தது. அதே பந்தயத்தில் முன் அச்சு மோட்டார் பழுதாகி ஒரு மணி நேரத்துக்கு மேல், பழுதுபார்க்கும் இடமான பிட்டில் நின்ற போர்ஷே வெல்ல முடிந்ததற்கு, டொயோட்டா கார்கள் ஒவ்வொன்றாகச் சிக்கலில் விழுந்ததும் ஒரு காரணம்.