கை வைக்காத பிரேக்குக்குக் கட்டணம்: கேம்பர் இழுப்பவர்கள் கவனத்துக்கு

“நான்கு சக்கரங்களின் பிரேக்கும் சரிசெய்யப்பட்டது, பேரிங்குகளுக்குக் கிரீஸ் இடப்பட்டது” என்று பில்லில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். அந்த நான்கு பிரேக்குகளில் ஒன்றைக்கூட அவர்கள் தொடவில்லை. டொராண்டோவின் ஸ்காபரோவில் நம்மவர்கள் அதிகம் போகும் ஒரு கராஜில், இந்த வசந்தத்தில் எனக்கு நடந்தது இது. பிக்கப் டிரக்கில் கேம்பர் (தங்கும் வசதியுள்ள ட்ரெய்லர்) இழுத்துச் செல்பவர்கள் முழுவதையும் படியுங்கள்.

எங்களுடையது இரட்டை அச்சு கேம்பர். சாமான்களோடு 2,500 கிலோவைத் தாண்டும். ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோவைத் தொட்டாலே ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். ஹைவே 400-இல் பாரியை நெருங்கும்போது முன்னால் போன கார்கள் சட்டென்று நின்றன. பிரேக்கை மிதித்தேன். டிரக் வேகம் குறைந்தது; கேம்பர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே, இடப்பக்கமாக இழுத்தது. பின் இருக்கையில் என் இரண்டு பிள்ளைகள். சாலையோரத்தில் ஒதுங்க இடம் இருந்ததால் பிழைத்தோம்.

அங்கிருந்தே கராஜ் உரிமையாளரை அழைத்தேன். “அண்ணை, கன்ட்ரோலரில் கெயினைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கள், சரியாகிவிடும்” என்றார். கன்ட்ரோலர் என்பது டிரக்கில் இருந்தபடி ட்ரெய்லர் பிரேக்கை இயக்கும் கருவி. பார்த்தால் அதில் கெயின் ஏற்கெனவே 9-இல் இருந்தது. நான் எப்போதும் வைத்திருப்பது 6. வண்டியைத் திருப்பித் தருவதற்கு முன் அவர்களே கூட்டியிருக்கிறார்கள். மோசடியே இதில்தான் இருக்கிறது. கெயின் என்பது டிரக்கிலிருந்து ட்ரெய்லர் பிரேக்கின் மின்காந்தத்துக்குப் போகும் மின்சாரத்தின் அளவு. அந்தக் காந்தம் சக்கரத்தோடு சுழலும் டிரம்மில் ஒட்டி, ஒரு நெம்புகோலை இழுத்து, ஷூக்களை (உரசிச் சக்கரத்தை நிறுத்தும் வளைந்த கட்டைகள்) டிரம்மோடு அழுத்துகிறது. ஷூ தேய்ந்து இடைவெளி பெருகிவிட்டால் நெம்புகோல் தன் எல்லை வரை போயும் முழு அழுத்தம் கிடைக்காது. அதற்கு மேல் எவ்வளவு மின்சாரம் அனுப்பினாலும் வீண். கராஜ் வாசலில் மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் எல்லாம் பிடிப்பதுபோலத் தோன்றும்.

பாரியில் வேறொரு மெக்கானிக் கேம்பரை உயர்த்திக் காட்டினார். சக்கரத்தின் பின்தகட்டில் ஒரு சிறு துளை உண்டு. அதை ரப்பர் அடைப்பான் மூடியிருக்கும். அதைக் கழற்றி, உள்ளேயிருக்கும் பற்சக்கரத்தைத் திருப்பித்தான் பிரேக்கைச் சரிசெய்ய முடியும். எங்கள் கேம்பரில் நான்கு அடைப்பான்களின் மேலும் குளிர்கால உப்பும் சேறும் அப்படியே கெட்டியாகப் படிந்திருந்தன. வலப்பக்க டிரம்களைத் திறந்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஷூக்கள் முழுக்கப் புதுக் கிரீஸ். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே பேரிங்குக்கு மெதுவாக ஏற்ற வேண்டிய கிரீஸை, அவசரமாக அழுத்தி ஏற்றியதில் அது கசிவைத் தடுக்கும் பின்புற சீலைத் தாண்டி பிரேக்குக்குள் வழிந்திருக்கிறது என்றார் அவர். கிரீஸ் ஊறிய ஷூவைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். மாற்றினோம். சீல்களும் புதிது. தொடாத வேலைக்குக் காசு வாங்கியதை விட, செய்த ஒரே வேலையால் ஓடிய பிரேக்கையும் கெடுத்ததுதான் எனக்கு ஆறவில்லை.

அந்த மெக்கானிக் செய்ததை அருகில் நின்று பார்த்தேன். அச்சுக் குழாய்க்கு அடியில் ஜாக்கி வைக்கவில்லை, சட்டத்தில் வைத்தார். அச்சில் வைத்தால் அது வளைந்துவிடும். சக்கரம் கையால் சுற்றக் கடினமாகும் வரை பற்சக்கரத்தை முடுக்கினார். பிறகு, லேசான உரசலோடு சக்கரம் தாராளமாகச் சுற்றும் வரை தளர்த்தினார். நான்குக்கும் இதே முறை. கெயினைக் கடைசியில்தான் தொட்டார். காய்ந்த சமதளச் சாலையில் பிரேக்கைச் சற்றுச் சூடேற்றிவிட்டு, சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் கன்ட்ரோலரின் கைவிசையை மட்டும் அழுத்தி, சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும் அளவுக்குச் சற்றுக் கீழே நிறுத்தினார். கெயின் 6-க்கே திரும்பியது.

வண்டியை எடுக்கும்போது நீங்களே குனிந்து அந்த அடைப்பான்களைப் பாருங்கள். சேறு கலையாமல் இருந்தால் பணம் கொடுக்காதீர்கள். வண்டியைக் கராஜில் கொடுக்கும் முன்பும் திரும்ப வாங்கும்போதும் கெயின் எண்ணைப் படம் எடுத்துவையுங்கள். கேம்பர் கழன்றால் தானே பிரேக் பிடிக்கச் செய்யும் பாதுகாப்பு விசையையும் சோதிக்கச் சொல்லுங்கள். சோதிக்கும் முன் டிரக்கோடு இணைக்கும் மின்செருகியைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் கன்ட்ரோலர் பழுதாகலாம்.

கராஜ்காரர் “பழைய கேம்பர், கிரீஸ் முன்பே கசிந்திருக்கும்” என்று சொல்லிப் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். கிரீஸ் ஊறிய ஷூக்களும் படங்களும் இரண்டு பில்களும் என்னிடம் இருக்கின்றன; சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகிறேன். விக்டோரியா தின விடுமுறைக்குப் புறப்பட இருப்பவர்கள், கராஜில் கொடுத்து வாங்கிய கேம்பராக இருந்தாலும், அதற்கு முன் ஒருமுறை அந்த நான்கு அடைப்பான்களைப் பார்த்துவிடுங்கள்.