வேதாகம வாசிப்புச் செயலி: ஒரு வருடம் பயன்படுத்திய பிறகு

நான் விசுவாசத்துக்கு வந்தது புத்தகம் படித்து இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த ராத்திரிகளில், கூட வேலை பார்த்த ஒருவர் வந்து உட்கார்ந்து வேதாகமத்தின் ஜெபப் பாடல்களில் ஒன்றான 130-ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசிப்பார். விடியலுக்குக் காத்திருக்கும் ஜாமக்காரரைவிட அதிகமாக ஆண்டவருக்குக் காத்திருக்கிறேன் என்று அதில் வரும். மூன்று ராத்திரி தூங்காமல் கிடந்த எனக்கு, யாரோ என்னைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல இருந்தது. அங்கிருந்து ஞானஸ்நானம் வரை வர இரண்டு வருடம் ஆனது. தினமும் வேதம் வாசிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்புறம்தான் தெரிந்தது, அதற்காகத்தான் இந்தச் செயலியை இறக்கினேன். பெயர் சொல்லவில்லை, இந்த வகைச் செயலிகள் பலவும் ஏறக்குறைய இப்படித்தான்.

இதில் இருக்கும் திட்டங்களில் நான் எடுத்தது, ஸ்காட்லாந்துப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்ஷேன் 1842-இல் தன் சபைக்குப் போட்டுக்கொடுத்த அட்டவணை. ஒரு வருடத்தில் பழைய ஏற்பாடு ஒரு முறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறை. தினம் சுமார் நான்கு அதிகாரம், நான்கும் வேதத்தின் வெவ்வேறு இடங்களிலிருந்து. ஆதியாகமத்தில் தொடங்கி நேராகப் போகிறவர்களில் பலர், பலி முறைகளும் சட்டங்களும் நிறைந்த லேவியராகமத்தில் நின்றுவிடுவார்கள், நானே இரண்டு முறை நின்றிருக்கிறேன். இங்கே அதே நாளில் சங்கீதமோ, சபைகளுக்கு எழுதிய கடிதமான ஒரு நிருபமோ கூடவே வருவதால் மூச்சு விட முடிகிறது. ஒலிவாசிப்பு நல்ல தெளிவு, எழுத்தைப் பெரிதாக்கலாம், இறக்கி வைத்துவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும்.

குறை என்றால் அந்த நாள் கணக்குதான். இத்தனை நாள் விடாமல் வாசித்தீர்கள் என்று முகப்பிலேயே பெரிதாக ஒரு எண். ஜனவரி 5 அன்று மத்தேயு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரம் வந்தது. காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்கிறார் இயேசு. சொத்து விஷயத்தில் தம்பியோடு நான் பேசி அப்போது நான்கு வருடம். வாசித்தேன், டிக் போட்டேன், எண் ஐந்தானது, தூங்கிவிட்டேன். டிக் விழுந்ததும் அந்த வசனத்தோடு எனக்கிருந்த வேலை முடிந்துவிட்டது என்று மனசு நம்பிவிடுகிறது, இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு அரைக்கண்ணோடு நான்கு அதிகாரத்தைத் தள்ளிக்கொண்டே போன நாட்கள் எத்தனையோ, எண் உடையக்கூடாது என்பதற்காக மட்டும்.

மெக்ஷேன் இதை அன்றைக்கே பார்த்திருக்கிறார். வாசிப்பு வெறும் சடங்காகிவிடும், வாசித்துவிட்டோம் என்ற சுயநீதி வரும், கவனம் போகும், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகும் என்று அட்டவணையோடு சேர்த்தே எச்சரித்திருக்கிறார். செயலியில் அட்டவணை இருக்கிறது, அந்த எச்சரிக்கை எங்குமே இல்லை. அது முதல் பக்கத்திலேயே வந்திருக்க வேண்டும்.

பாதி வருடத்தில் அமைப்புகளுக்குள் தேடி நாள் கணக்கையும் நினைவூட்டலையும் நிறுத்தினேன். தவறிய நாட்களைத் துரத்திப் பிடிப்பதையும் விட்டுவிட்டேன். இரண்டாம் சுற்றில் மத்தேயு 5 மறுபடி வந்தபோது அடுத்த அதிகாரத்துக்குப் போக முடியவில்லை. போனை மூடி வைத்து ஜெபித்தேன், பிறகு அதே போனில் தம்பியைக் கூப்பிட்டேன். "அண்ணா" என்றான், அதற்குப் பிறகு ரொம்ப நேரம் இரண்டு பேருக்குமே பேச்சு வரவில்லை. சொத்து விஷயம் இன்னும் தீரவில்லை, ஆனால் இப்போது வாரம் ஒருமுறை பேசுகிறோம்.

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் இந்தத் திட்டத்தில் தொடங்க வேண்டாம். மாற்கு சுவிசேஷம் பதினாறே அதிகாரம், நாளுக்கு ஒன்று போதும். ஏற்கெனவே வாசித்துப் பழகியவர்கள் தாராளமாக எடுக்கலாம், ஆனால் இறக்கியவுடன் அந்த எண்ணை அணைத்துவிடுங்கள். அடுத்த பதிப்பில் அது முகப்பில் வராமலே இருந்தால் இன்னும் நல்லது.