க்ராவ் மகாவா, ஜியு-ஜிட்சுவா, 12 மணி நேர வகுப்பா? ஏற்கெனவே பயந்துபோன உடம்புக்கு எது ஒத்துவரும்

எந்தத் தற்காப்புக் கலை சிறந்தது என்று நாலு பேர் இருக்கும் இடத்தில் கேட்டுப் பாருங்கள், அங்கேயே ஒரு சண்டை ஆரம்பித்துவிடும். ஜியு-ஜிட்சுக்காரர் “கீழே தள்ளிவிட்டால் என்ன பண்ணுவாய்?” என்பார், பாக்ஸிங்காரர் “நான் ஏன் விழப்போகிறேன்?” என்பார், க்ராவ் மகாக்காரர் “தெருவில் ரெஃபரி கிடையாது” என்று முடிப்பார். மூன்று பேருமே கற்றுக்கொள்ள வருகிறவரின் உடம்பு அமைதியாக இருக்கிறது, அதற்கு நுட்பம் மட்டும்தான் தெரியாது என்று வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். பின்னால் யாரோ வேகமாக நடந்து வரும் சத்தத்துக்கே தோள் இறுகி, மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நின்றுவிடுகிற ஆளுக்கு இந்தக் கணக்கு உதவாது.

நான் அந்த ரகம். என்ன நடந்தது என்பது இங்கே வேண்டாம். அதற்கப்புறம் நாலு விதமான வகுப்புகளுக்குப் போயிருக்கிறேன், ஒன்றிலிருந்து பாதியில் ஓடி வந்தேன், ஒன்றுக்கு இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். அதனால் எது பலமாக அடிக்கும் என்று இங்கே பார்க்கப்போவதில்லை. மூன்று மாதம் போன பிறகு நீங்கள் முன்பைவிட அதிகமாக வெளியே போகிறீர்களா, இல்லை முன்பைவிட அதிகமாகத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறீர்களா என்பதுதான் என் அளவுகோல்.

அளவுகோல் இப்படி இருக்க ஒரு காரணம் உண்டு. ஆபத்தில் உடம்பு ஒன்று சண்டை போடும், இல்லாவிட்டால் ஓடும் என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அப்படியே உறைந்துபோவது. ஸ்வீடனில் பாலியல் வன்முறைக்குப் பிறகு அவசர சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் கேட்டு 2017-ல் வெளியிட்ட ஆய்வில், 70 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் உடம்பு குறிப்பிடத்தக்க அளவு உறைந்துபோயிருந்தது. அப்படி உறைந்தவர்களுக்குப் பின்னால் பிடிஎஸ்டி (பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு விடாமல் துரத்தும் மனநலக் கோளாறு) வருவதும் அதிகமாக இருந்தது. ஆக “ஏன் கத்தவில்லை, ஏன் தள்ளிவிடவில்லை” என்ற கேள்வியே தப்பு. “நேரம் வந்தால் கை தானாக வேலை செய்யும்” என்று சொல்கிற மாஸ்டரும் பாதிதான் சொல்கிறார்.

சரி, ஓடி வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

க்ராவ் மகாவை உருவாக்கியவர் இமி லிக்டென்ஃபெல்ட். 1930-களில் ஐரோப்பாவின் பிராட்டிஸ்லாவா நகரில் யூதக் குடியிருப்பைத் தாக்க வந்த கும்பல்களை எதிர்த்து நின்று பழகியதை, பிற்பாடு இஸ்ரேல் ராணுவத்துக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பிறப்பு இன்றைக்கும் அதில் தெரியும். குறைந்த நாளில் ஒரு ஆளைச் சண்டைக்குத் தயார் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அதில் எனக்குப் பிடித்ததும் இதுவே. நுணுக்கமான பிடிகள் கிடையாது, உள்ளங்கையால் முகத்தில் அடி, முழங்காலைத் தூக்கு, விலகி ஓடு. கை நடுங்கும்போது நுணுக்கம் எல்லாம் மறந்துபோகும், இந்த மாதிரி முரட்டு அசைவுகள்தான் மிஞ்சும்.

பிரச்சினை அழுத்தப் பயிற்சியில் வந்தது. மூன்றாவது வகுப்பு. கண்ணை மூடச் சொல்லி, இரண்டு சுற்று சுற்றவிட்டு, விளக்கைக் குறைத்து, பின்னாலிருந்து யாரோ கழுத்தைப் பிடித்தார்கள். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. கை இரண்டும் பக்கத்தில் தொங்கின, அவை என் கைகள் என்றே தோன்றவில்லை. பிடித்தவர் பயந்துபோய் விட்டுவிட்டார். மாஸ்டர் வந்து, கோபமில்லாமல்தான், “நிஜத்தில் நடந்தால் இதைவிட மோசமாக இருக்கும்” என்றார். அது அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் அவர் மீது தப்பு சொல்ல முடியாது, அந்தப் பயிற்சி அப்படித்தான். தெரபியிலும் பயத்தை நேருக்கு நேர் சந்திக்க வைப்பார்கள், ஆனால் படிப்படியாக, நம் சம்மதத்தோடு, எப்போது நிறுத்துவது என்பது நம் கையில் இருக்கும்படி. இங்கே முதல் படியிலிருந்து நேராக மொட்டை மாடிக்குத் தூக்கிப் போடுகிறார்கள். போதாததற்கு “எப்போதும் சுற்றிலும் கவனி, யாரும் தாக்கலாம்” என்ற பாடம் வேறு. நாள் முழுக்க அதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம்! எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்ற எதற்கு வகுப்பு?

இதற்கு நேர் எதிரான இடத்தில் இருப்பவை 1970-களில் பெண்கள் இயக்கத்தோடு சேர்ந்து வளர்ந்த குறுகிய காலத் தற்காப்பு வகுப்புகள். டொரான்டோவின் வென்-டோ 1972-லிருந்து நடக்கிறது. உடம்பெல்லாம் பஞ்சுக் கவசம் போட்ட ஒருவர் தாக்குகிறவராக நடிக்க, அவரை முழு பலத்தோடு அடித்துப் பழகும் மாடல் மக்கிங் அமெரிக்காவில் அதே காலத்தில் தொடங்கியது. இவற்றில் அடி உதை கடைசியில்தான் வரும். முதலில் தூரம், பார்வை, குரல், தெரிந்தவரிடம் “வேண்டாம்” என்று சொல்வது. தாக்குகிறவர் பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பார் என்பதை முகத்துக்கு நேராகப் பேசுகிற வகுப்பு, நான் பார்த்த வரையில், இது ஒன்றுதான்.

ஆதாரம் என்று பார்த்தாலும் இந்தப் பட்டியலில் இதற்குத்தான் பலம். கனடாவில் சார்லீன் சென் குழு மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாமாண்டு மாணவிகள் 893 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இதே பாணியில் 12 மணி நேரப் பயிற்சியும் மறு பாதிக்கு வழக்கமான துண்டுப் பிரசுரமும் கொடுத்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது பிரசுரம் வாங்கியவர்களில் 9.8 சதவீதம் பேர் வன்புணர்வுக்கு ஆளாகியிருந்தார்கள், பயிற்சி எடுத்தவர்களில் 5.2 சதவீதம். 2015-ல் வந்தது இது. அதற்கும் முன்னால், 1990-ல், உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் ஓசரும் ஆல்பர்ட் பண்டூராவும் கவச ஆளோடு பயிற்சி எடுத்த 43 பெண்களைப் பின்தொடர்ந்தார்கள். வேண்டாத எண்ணங்கள் குறைந்தன, பயந்து தவிர்த்த இடங்களுக்கும் வேலைகளுக்கும் போக ஆரம்பித்தார்கள். என் அளவுகோலுக்கு இதைவிட நல்ல மதிப்பெண் கிடையாது.

நான் போன வகுப்பில் முதல் நாள் “நில்!” என்று கத்தச் சொன்னார்கள். என் குரல் எண்ணெய் போடாத கதவு மாதிரி வந்தது. சொல்லிக்கொடுத்த அம்மா சிரிக்கவில்லை. “முதலில் மூச்சை வெளியே விடு, அப்புறம் குரல் வரும்” என்றார். அப்போதுதான் உறைத்தது: உறைந்துபோகும்போது முதலில் நிற்பது மூச்சு. கத்துவதற்கு மூச்சை விட்டே ஆக வேண்டும், மூச்சு வெளியே போனதும் உடம்பு கொஞ்சம் அவிழ்கிறது.

ஆனால் இங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இரண்டாவது வாரம் மணிக்கட்டை விடுவிப்பது. பிடித்தவரின் கட்டைவிரல் பக்கமாகத் திருப்பி இழுத்தால் போதும், கை வந்துவிடுகிறது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் பாத்ரூமுக்குப் போய் அழுதேன். இவ்வளவு சுலபமா? அன்றைக்கு இது தெரிந்திருந்தால்? வெளியே வந்தபோது அந்த அம்மா, “இங்கே கீழே மெத்தை இருக்கிறது, பிடித்தவர் விடப்போகிறார் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு இது எதுவும் இல்லை” என்றார். இந்தக் குற்ற உணர்ச்சி எந்தக் கலையிலும் வரும், எனக்கு இங்கே வந்தது. அதை எதிர்கொள்ளத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தது அதிர்ஷ்டம்.

குறைகளும் இருக்கின்றன. சீக்கிரம் முடிந்துவிடும், பழகாமல் விட்டால் மறந்துவிடும், பெரும்பாலும் பெண்களுக்கானது, இதே காயத்தோடு இருக்கும் ஆண்களுக்கு இப்படி ஒரு வகுப்பு கிடைப்பது கஷ்டம். கவச ஆள் வரும் காட்சிகள் சிலருக்குப் பழையதை அப்படியே கண்முன் கொண்டுவந்துவிடும், எந்தக் காட்சி வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நம்மிடம் விடாத இடத்துக்குப் போகாதீர்கள்.

இப்போது போய்க்கொண்டிருப்பது பிரேசிலிய ஜியு-ஜிட்சு. கானோ ஜிகோரோ 1882-ல் ஜூடோவைத் தொடங்கினார், அவருடைய பள்ளியிலிருந்து போன மாயேடா மிட்சுயோ 1914-ல் பிரேசில் சேர்ந்தார், அங்கே கிரேசி குடும்பம் அதைத் தரையில் புரளும் சண்டையாக மாற்றியது. காகிதத்தில் பார்த்தால் நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிட மோசமான தேர்வு இருக்க முடியாது. இன்னொருவர் நெஞ்சின் மேல் உட்காருகிறார். வியர்வை முகத்தில் சொட்டுகிறது. அழுத்திப் பிடிக்கப்பட்டதுதான் உங்கள் காயம் என்றால் முதல் வாரமே தாங்காது.

ஆனாலும் ஏன் இருக்கிறேன் என்றால், தட்டுவதற்காக. பிடி இறுகினால் எதிராளியின் மேலேயோ தரையிலேயோ இரண்டு தடவை தட்ட வேண்டும். தட்டினால் விட்டுவிடுவார், ஏன் என்று கேட்க மாட்டார், அடுத்த நொடி இரண்டு பேரும் கையைத் தட்டிக்கொண்டு மறுபடி தொடங்குவோம். ஒரு மாலையில் இருபது தடவை தட்டுகிறேன். நிறுத்து என்றால் நிறுத்துகிறார்கள் என்பதை வாயால் ஆயிரம் தடவை சொல்லிக் கேட்டாலும் ஏறாத உடம்புக்கு, இது கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. கீழே சிக்கிக்கொண்டாலும் மூச்சு விட இடம் இருக்கிறது, அவசரப்படாமல் முழங்கையை உள்ளே கொண்டுவா, இடுப்பை நகர்த்து என்று யோசிக்கப் பழகியதும் இங்கேதான்.

இது வேலை செய்ய இடம் நன்றாக இருக்க வேண்டும். “இன்னும் கொஞ்சம் தாங்கு” என்று தட்டுவதைக் கேலி செய்கிற ஜிம் உங்களுக்கு விஷம். நான் முதல் மாதம் முழுக்க மேலே இருக்கும் நிலைகளை மட்டும் பழகினேன், யாரோடு புரள்வது என்பதை நானே முடிவு செய்தேன், கழுத்தை நெரிக்கும் பிடிகள் வரும்போது ஓரமாக உட்கார்ந்தேன். ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. இன்னொன்று, இது எழுந்து ஓடச் சொல்லித் தராது, குரலுக்கும் இங்கே வேலை இல்லை. கருப்பு பெல்ட்டுக்குப் பத்து வருடம் ஆகும், மூட்டு வலி இலவசம்.

பாக்ஸிங்கை வரிசையில் கீழே வைக்க நினைத்துத்தான் எழுத ஆரம்பித்தேன், எழுத எழுத மேலே ஏறுகிறது. பேனிக் அட்டாக்தான் முக்கியத் தொல்லை என்றால் முதலில் இங்கே போங்கள் என்பேன். யாரும் உங்களைத் தொட மாட்டார்கள், எதிரே ஒரு மூட்டை தொங்குகிறது. மூன்று நிமிடம், மணி அடிக்கும், ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி மணி. அடுத்து என்ன வரும் என்பது எப்போதும் தெரியும். இதயம் படபடத்தால் ஏதோ ஆகப்போகிறது என்று பழகிப்போன மூளைக்கு, அதே படபடப்பு, அதே வியர்வை, ஆனால் ஒன்றும் ஆகவில்லை என்பது திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது. பேனிக் கோளாறுக்கான சிகிச்சையிலும் வேண்டுமென்றே இதயத்தைப் படபடக்க வைத்துப் பழக்குவது உண்டு. தற்காப்பு என்று பார்த்தால் இதில் பாதிதான் இருக்கிறது, பிடித்தால் என்ன செய்வது என்று சொல்லவே மாட்டார்கள். எதிரே ஆளை நிறுத்தி அடித்துப் பழகும் ஸ்பாரிங்குக்கு அவசரமே இல்லை, தலையில் முன்பு அடிபட்டிருந்தால் வேண்டவே வேண்டாம்.

கராத்தே, டேக்வாண்டோ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வரிசை, வணக்கம், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது எல்லாம் மனதை அடக்கும், நல்லதுதான், ஆனால் அதில் என் பயம் அசையவே இல்லை.

பெப்பர் ஸ்ப்ரே, அலாரம், வீடியோ பார்த்துக் கற்பது இவற்றையும் ஒரு தேர்வாகச் சொல்கிறவர்கள் உண்டு. ஸ்ப்ரே சில நாடுகளில் சட்டப்படி குற்றம், அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பதற்றம் உள்ளவருக்கு இதில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. பத்திரமாக வீடு வந்து சேர்ந்த ஒவ்வொரு நாளும் மூளை அந்தப் பெருமையை டப்பாவுக்குக் கொடுத்துவிடும், அப்புறம் டப்பாவை மறந்த நாளில் வாசல் தாண்ட முடியாது. வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கையில் “கத்தியோடு வந்தால் என்ன செய்வது” வீடியோ பார்ப்பது பயிற்சியே கிடையாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், நாமே உட்கார்ந்து இருட்டைக் கூட்டிக்கொள்கிறோம்.

தெரபி இவற்றுக்குப் போட்டி இல்லை. தினமும் கெட்ட கனவு, பழையது அப்படியே திரும்ப வருவது, தூக்கம் இல்லாமை என்று இருந்தால் அதற்கென்றே இருக்கிற சிகிச்சைதான் முதலில், எந்த மாஸ்டரும் அந்த வேலையைச் செய்ய முடியாது. உடம்பு வழியாகப் போவதற்குக் குத்து அவசியம் என்றும் இல்லை. 2014-ல் பெசல் வான் டெர் கோல்க் குழு சிகிச்சைக்கு மசியாத பிடிஎஸ்டி இருந்த 64 பெண்களை வைத்து நடத்திய சிறு ஆய்வில், 10 வாரம் யோகா செய்தவர்களில் 52 சதவீதம் பேர் அந்த நோய்க்கான வரையறையிலிருந்து வெளியே வந்தார்கள், மற்ற குழுவில் 21 சதவீதம்.

என்னிடம் ஒருவர் கேட்டால் நான் சொல்கிற வரிசை இது: பேனிக் என்றால் பாக்ஸிங் மூட்டை, வாய் திறந்து வேண்டாம் என்று சொல்ல வரவில்லை என்றால் 12 மணி நேர வகுப்பு, அது முடிந்து நிலையாக ஓர் இடம் வேண்டும் என்றால் ஜியு-ஜிட்சு, க்ராவ் மகா எல்லாவற்றுக்கும் கடைசியில். ஆனால் நல்ல மாஸ்டர் இருக்கும் க்ராவ் மகா, கெட்ட மாஸ்டர் இருக்கும் ஜியு-ஜிட்சுவைவிட எவ்வளவோ மேல். அதனால் சேர்வதற்கு முன் ஒரு ஃபோன் போடுங்கள். முதல் வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாமா, சொல்லாமல் யாராவது பின்னாலிருந்து தொடுவார்களா, ஒரு பயிற்சி வேண்டாம் என்றால் உட்கார்ந்துகொள்ளலாமா, இந்த மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு அவர் “ஏன்?” என்று கேட்டால் ஃபோனை வைத்துவிட்டு அடுத்த நம்பரைப் போடுங்கள்.